தேயிலைக் கொழுந்து சுமக்க எது நல்லது: கூடையா, உரச்சாக்கா, வலைப்பையா, பிரேம் பையா?

ஒரு பேருக்கு (ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு) 18 கிலோ என்று வைத்திருக்கும் தோட்டத்திலும் அந்த 18 கிலோ ஒரே நடையில் முதுகில் ஏறுவதில்லை. காலை, பகல், அந்தி என மூன்று நிறுவை இருந்தால் நடைக்கு ஆறு கிலோதான். நிறுவை மடுவம் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) தொலைவில் இருந்தாலோ, சீசனில் கொழுந்து பொங்கினாலோ ஒரே நடையில் 12, 15 கிலோ சேர்ந்துவிடும். மழை நாளில் இலையோடு ஒட்டிவரும் தண்ணீரும் அதில் ஏறும். எதில் சுமப்பது என்பதை அந்த நாளை மனதில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கிள்ளிய பிறகும் கொழுந்து உயிரோடுதான் இருக்கிறது. மூச்சுவிடுகிறது, சூடு விடுகிறது. காற்றுப் போக வழியில்லாமல் அமுக்கி வைத்தால் அந்தச் சூடு உள்ளேயே தங்கும். நசுங்கிய இலையின் சாறு காற்றில் பட்டதும் சிவக்கத் தொடங்கும். ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) உருட்டிய பின் நடக்க வேண்டிய வேலை முதுகிலேயே நடந்துவிடுகிறது. ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அதில் ஒரு பிடி சிவந்தாலும் தேநீரின் சாயத்தில் தெரியும். பையின் நடுவே கையை முழங்கை வரை விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் உடனே கொட்டிப் பரப்ப வேண்டும். பழுத்த பழ வாசனை வந்துவிட்டால் பிந்திவிட்டது.

இந்தக் கணக்கில் மூங்கில் கூடையை மிஞ்ச ஒன்றுமில்லை. சுற்றிலும் இடுக்கு உண்டு, பக்கம் விறைப்பாக நிற்பதால் இலை முதுகோடு நசுங்காது, வாய் அகலம். இரு கையாலும் கிள்ளித் தோளுக்கு மேலால் எறியும்போது பார்க்காமலே உள்ளே விழும். குறை கூடையில் இல்லை, தலைக்கயிற்றில் இருக்கிறது. பாரம் முழுவதும் உச்சந்தலை வழியாகக் கழுத்தெலும்பில் இறங்குகிறது. ஏற்றத்தில் குனிந்து நடக்கையில் கழுத்து முன்னே தள்ளி நிற்க, பின்கழுத்துத் தசை நாள் முழுக்க இறுகியே இருக்கும். மெல்லிய கயிறானால் தலையை அறுக்கும். மூன்று விரல் அகலத்துக்குக் குறையாத பட்டியும், அடியில் மடித்த துணியும் கட்டாயம். நனைந்த மூங்கில் வேறு கனக்கும். வெறுங் கூடையைக் காய்ந்தபடியும் நனைந்தபடியும் ஒருமுறை தராசில் வைத்துப் பார்த்து அந்த இரண்டு எடையையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நிறுவையில் கூடைக்கும் தண்ணீருக்கும் கழிக்கும்போது பேச அது உதவும்.

உரச்சாக்கு எளிதில் கிடைக்கும், கனமே இல்லை, மடித்து இடுப்பில் செருகலாம். இருந்தும் கொழுந்துக்கு அது வேண்டாம் என்றே சொல்வோம். நெருக்கமான பிளாஸ்டிக் நெசவில் காற்று நுழையாது. நிறைய நிறைய வாய் சுருங்குவதால் கையால் அமுக்க வேண்டிவரும், அங்கேயே இலை போய்விடும். கழுவினாலும் தையல் மடிப்பில் உரத்தூள் தங்கும். அது குடிக்கிற பொருளில் சேரக் கூடாது.

நைலான் வலைப்பை நடுவழி. காற்று வரும், தண்ணீர் வடியும், கனமும் இல்லை. கவ்வாத்து வெட்டிய (கத்தரித்த) செடியின் வாது, அதாவது கிளை, கண்ணியில் மாட்டிக் கிழிப்பதுதான் தொல்லை. வெயிலில் கிடந்தால் நூல் மொரமொரவென்று ஆகிவிடும். கண்ணி சுண்டுவிரல் நுழையாத அளவில் இருக்கட்டும். வாயில் கம்பி வளையம் ஒன்று வைத்துத் தைத்தால் சுருங்காமல் நிற்கும்.

கம்பிச் சட்டகத்தில் கட்டிய, தோள்பட்டியும் இடுப்புப்பட்டியும் உள்ள பிரேம் பை வேறு உலகத்திலிருந்து வந்தது. அனுமதிப்பத்திரத்தோடு வேட்டையாடும் அமெரிக்கா போன்ற நாடுகளில், மான் இறைச்சியைக் காட்டிலிருந்து இறக்க இதைத்தான் கட்டுகிறார்கள். அவர்களுக்கும் இதே கவலை: இறைச்சியின் சூடு வெளியேறாவிட்டால் கெட்டுவிடும். அதனால் பிளாஸ்டிக்கைத் தவிர்த்து, காற்றுப் புகும் துணிப்பையில் போட்டு, பிரேமோடு ஒட்டி, முதுகுக்கு மிக அருகில் கட்டுகிறார்கள். பாரத்தின் பெரும்பங்கு இடுப்பெலும்பில் உட்காரும், தோளுக்குச் சொற்பம்தான். கழுத்து தப்பித்துவிடும். 15 கிலோ நடைக்கு இதைவிடச் சுகமானது கிடையாது.

ஆனால் அந்தப் பையை அப்படியே மலைக்குக் கொண்டுபோக முடியாது. வாய் குறுகலாக இருக்கும், எறிகிற கொழுந்தில் பாதி நிலத்தில் விழும். பட்டி தளர்ந்து பை கீழிறங்கினாலும் இதே கதி, வாய் தோளின் பின்பக்கத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். இடுப்புப்பட்டியை, இடுப்பைச் சுற்றிக் கட்டும் படங்குக்கு (தார்ப்பாய்த் துணிக்கு) மேல் கட்டினால் ஈரத்தில் வழுக்கும். படங்குக்கு உள்ளே, இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்காரும்படி கட்டி, கிளிப் மட்டும் கைக்கு எட்டுமாறு வெளியே விட வேண்டும்.

கிளிப்பைப் பற்றி அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். குளவி கலைந்தால் தலையை ஒரு உதறு உதறிக் கூடையைப் போட்டுவிட்டு ஓடலாம். தலைக்கயிற்றின் பெரிய பலம் அதுதான். மலையகத்தில் குளவி கொட்டி உயிர் போனவர்கள் இருக்கிறார்கள். நெஞ்சிலும் இடுப்பிலும் பூட்டிய பை அந்த நேரத்தில் விலங்கு. நெஞ்சுப்பட்டியைப் பூட்டவே வேண்டாம், வெட்டி எடுத்துவிடுங்கள். கொழுந்து எடுக்கும்போது இடுப்புப்பட்டியும் திறந்தே கிடக்கட்டும், மடுவத்துக்கு நடக்கும்போது மட்டும் பூட்டுங்கள். கண்ணை மூடி, ஈரக் கையால், ஒரே அழுத்தில் கிளிப் திறக்கிறதா என்று வாங்குமுன் பார்க்க வேண்டும்.

எங்கள் தெரிவு இரண்டையும் சேர்த்த ஒன்று: பழைய பிரேம் பையின் சட்டகமும் பட்டிகளும், அதன்மேல் கூடை அல்லது வளையம் வைத்த வலைப்பை. மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு இடத்தில் கட்டுங்கள். சணல் நனைந்து காய்ந்து தளரும், நைலான் கயிறுதான் சரி. கூடையின் அடி, சட்டகத்தின் அடிக்கம்பியில் உட்கார வேண்டும். தொங்கவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் ஆடி, இறக்கத்தில் ஆளைத் தள்ளும். நிறுவை அருகிலேயே இருந்து நடைக்கு ஆறு கிலோ மட்டும் சுமப்பவருக்கு இத்தனை வேலை தேவையில்லை. வலைப்பையும் அகலமான தலைப்பட்டியும் போதும். சட்டகம் கட்டுகிறவர்கள் தோள்பட்டி மேல்கம்பியைச் சேரும் தையலை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும், முதலில் விடுவது அந்த இடம்தான்.