பழைய கணினிக்கு விண்டோஸ் 11ஆ, லினக்ஸ் மின்ட்டா?

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக் கணினிக்குப் பத்து வயது. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்ததும் அண்ணன் விண்டோஸ் 11 பக்கம், நான் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் பக்கம் என்று வாக்குவாதம். விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது, எங்களுடையதில் அது இல்லை. மின்ட்டுக்கு 2 ஜிபி நினைவகமே போதும்.

தமிழ்த் தட்டச்சில் அண்ணன் சொல்வது சரிதான். விண்டோஸில் தமிழ்99 விசைப்பலகை கூடவே வருகிறது. மின்ட்டில் அதற்கான ஐபஸ், எம்17என் என்ற மென்பொருள்கள் இரண்டையும் நிறுவி முடிக்க எனக்கு ஒரு மாலை போனது.

ஆனால் அம்மாவுக்கு மின்ட்தான் சுலபம். விண்டோஸ் 11இல் தொடக்கப் பொத்தான் நடுவுக்கு நகர்ந்துவிட்டது. மின்ட்டில் மெனு பழையபடி இடது மூலையில். முதல் நாளே தோட்டத்து லயத்தில் எடுத்த படங்களைத் தானே திறந்து பார்த்தார்.

அப்புறம், தங்கையின் வேர்டு பாடத்தாள் மின்ட்டில் உள்ள லிப்ரே ஆபிஸ் மென்பொருளில் கட்டம் கலைகிறது. அதற்கு அண்ணனின் மடிக்கணினிதான்.