குளூட்டன் இல்லாத மா என்று 18,500 ரூபா கொடுத்து ஏமாந்தேன், நீங்கள் ஏமாறாதீர்கள்

சீலியாக் வருத்தம் (கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைப் பழுதாக்கும் வருத்தம்) உள்ள பிள்ளைகளின் அம்மா, அப்பாமார் தயவுசெய்து வாசியுங்கள். எனக்குக் கை இன்னும் நடுங்குகிறது.

மகளுக்கு 13 வயது. போன வருடம் ஹீமோகுளோபின் 8.4. இரும்புக் குளிசை எவ்வளவு கொடுத்தும் ஏறவில்லை. பிறகுதான் சீலியாக் என்று கண்டுபிடித்தார்கள். இரும்பை உறிஞ்சுவது சிறுகுடலின் முதல் பகுதி. இந்த வருத்தக்காரருக்குக் குளூட்டன் போனால் அந்த இடமே தேய்ந்துவிடும், குளிசை போட்டும் பயன் குறைவு. கோதுமையை அடியோடு நிறுத்தினோம். தனி அரிசி மாப் புட்டு, ஒடியற் கூழ், தினைச் சோறு. எட்டு மாதத்தில் 11.6 வந்தது.

பிள்ளைக்கு ரொட்டி ஆசை. முகநூலில் வீட்டுத் தயாரிப்புக் குரக்கன் (கேழ்வரகு) மா, குளூட்டன் அறவே இல்லை என்று ஒரு பக்கம். எழுதிக் கேட்டதும் குரல் பதிவு வந்தது: "அக்கா, என்ர மகளுக்கும் இதே வருத்தம்தான். அவளுக்கு அரைக்கிற மாவைத்தான் உங்களுக்கும் தாறன்." அந்த ஒரு வசனத்தில் விழுந்தேன். எந்த மில், என்ன சான்றிதழ், ஒன்றும் கேட்கவில்லை. 10 கிலோவுக்கு 18,500 ரூபாவை அன்றே வங்கியில் போட்டேன்.

ரொட்டி தட்டும்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். தனிக் குரக்கன் மா என்றால் ஓரம் வெடிக்கும், எடுக்கும்போது உடையும். இது வாழையிலையில் வழுவழுவென்று விரிந்தது. நல்ல மா என்று சந்தோஷப்பட்டேன். மூன்று மாதம் என் கையாலேயே சுட்டுக் கொடுத்தேன்.

போன கிழமை கிளினிக்கில் ஹீமோகுளோபின் 9.1. சீலியாக்குக்குப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையும் திரும்ப ஏறியிருந்தது. "எங்கேயோ கோதுமை போகுது அம்மா" என்றார் டொக்டர். களவாக பணிஸ் சாப்பிட்டாயா என்று ஆஸ்பத்திரி வீதியில் வைத்தே மகளை ஏசினேன். அவள் அழுதுகொண்டு இல்லை என்றாள். அதை நினைத்தால் நெஞ்சு பொறுக்குதில்லை.

வீட்டுக்கு வந்து அந்த மாவில் ஓர் உருண்டை பிசைந்து குழாய்த் தண்ணீரில் கழுவினேன். குரக்கன் என்றால் கரைந்து போகும். கையில் மிஞ்சியது சுவிங்கம் போல இழுபடும் கட்டி. கோதுமையின் குளூட்டன்தான் அப்படி நிற்கும்.

மா விற்றவருக்குப் போன் எடுத்தேன். முதலில் "மில்லில கொஞ்சம் பட்டிருக்கும் அக்கா." பிறகு "கொஞ்சம் போனால் ஒன்றும் செய்யாது." பிறகு "பிள்ளை வெளியில சாப்பிட்டிருக்கும்." காசைக் கேட்டதும் "சாப்பிட்டு முடித்த மாவுக்கு என்ன காசு?" நேற்று என் நம்பரையே தடுத்துவிட்டார்கள். 18,500 ரூபா! காசு போனால் போகட்டும், பிள்ளையின் ரத்தத்தை யார் தருவது? தன் மகளுக்கும் இதே வருத்தம் என்றால் இப்படிக் கதைக்க வாய் வருமா?

எதைப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் தொடங்கினேன், முடியவில்லை. முற்பணம் போடாதீர்கள். குளூட்டன் 20 பிபிஎம்முக்கு (கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு) குறைவு என்று பரிசோதித்த சான்று இல்லாத பொதியை வாங்காதீர்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் குரக்கனைத் தானியமாக வாங்கி வீட்டிலேயே அரையுங்கள், கோதுமை அரைக்கும் மில்லுக்குக் கொண்டுபோக வேண்டாம். கூட்டுப் பெருங்காயத்திலும் சோயா சோஸிலும் பெரும்பாலும் கோதுமை இருக்கும், அதையும் பாருங்கள்.

மிச்ச மாவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுக்க நாளைக்குப் போகிறேன். அந்தக் குரல் பதிவு இன்னும் என் போனில் இருக்கிறது.