ஊருக்குப் போன இடத்துல பல்லுக்கு 3டி ஸ்கேன் எடுத்த கதை

துபாய்ல பல்லுக்குன்னு போனா இன்சூரன்ஸ் பாதிக்குக் கூட வர மாட்டேங்குது, அதனால கீழக்கரை ஆளுங்க நெறைய பேரு லீவுக்கு வரும்போதே பல் வேலையும் முடிச்சிட்டுத்தான் போவோம். இந்த வாட்டி நான் போகும்போது உம்மாவையும் கூட்டிக்கிட்டேன்.

எனக்குக் கீழ விஸ்டம் டூத் படுத்தவாக்குல கெடக்கு. டாக்டர் மொதல்ல ஓபிஜி (வாய் முழுசையும் ஒரே தட்டைப் படமாக் காட்டுற எக்ஸ்ரே) எடுத்தாரு, அதுல பல்லு வேரும் தாடைக்குள்ள நரம்பு போற குழாயும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து தெரியுது, ஒட்டிக்கிட்டு இருக்கா இல்ல முன்ன பின்ன இருக்கான்னு தட்டைப் படத்துல சொல்ல முடியாது தம்பி, நரம்புல அடிபட்டா கீழ் உதடு மரத்துப்போயிடலாம், சிபிசிடி (தாடைய 3டியாக் காட்டுற ஸ்கேன்) எடுத்துட்டு வாங்கன்னாரு. வேர் விலகி இருந்திருந்தா இத எழுதியே இருக்க மாட்டேன்னும் சொன்னாரு, அந்தப் பேச்சு எனக்குப் புடிச்சிருந்துச்சு.

ஸ்கேனுக்கு ராம்நாடு போனோம். கவுன்டர்ல "பாரின்ல இருந்து வந்திருக்கீங்க, ரெண்டு தாடையும் முழுசா எடுத்துருங்க சார்"னு ஆரம்பிச்சாங்க. சீட்டுல கீழ் வலது பக்கம் மட்டும்னு தெளிவா எழுதியிருக்கு! சின்ன ஏரியாவா எடுத்தா கதிர்வீச்சும் பொதுவா கம்மி, படமும் நுணுக்கமா வரும், அப்புறம் எதுக்கு? முடியாதுன்னுட்டேன்.

எடுக்கறது ஒண்ணுமில்ல. தோடு, மூக்குத்தி, செயின் எல்லாம் கழட்டணும் (உம்மா இதுக்குத்தான் ரொம்ப முனகுனாங்க), தாடைய வச்சு ஒரு குச்சியக் கடிச்சுக்கிட்டு அசையாம இருக்கணும், மெஷின் தலையச் சுத்தி வருது, அரை நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிருது. சுத்தும்போது எடுத்த நூத்துக்கணக்கான படத்தக் கம்ப்யூட்டர் சேத்து 3டியாக் குடுக்குது, அப்புறம் டாக்டர் அத ரொட்டி வெட்டுற மாதிரி எந்தப் பக்கமும் வெட்டிப் பாக்கலாம்.

எனக்கு நரம்புக்கும் வேருக்கும் நடுவுல மெல்லிசா எலும்பு இருக்கு, பல்லத் துண்டு துண்டா வெட்டி எடுத்துட்டாரு, உதட்டுல உணர்ச்சியெல்லாம் நல்லாருக்கு, தொதல் (எங்க ஊரு அல்வா மாதிரி இனிப்பு) மட்டும் கொஞ்ச நாளைக்கு வேணாம்னாரு, அதுதான் கொடும.

உம்மாவுக்குப் பாத்தது இம்பிளான்ட்டுக்கு, அதான் தாடை எலும்புக்குள்ள ஸ்க்ரூ வச்சு அதுமேல பல்லு கட்டுறது. ஓபிஜில எலும்போட உயரம் தெரியும், அகலம் தெரியாது. ஸ்கேன்ல பாத்தா பல்லு போயி ரொம்ப வருஷமானதால எலும்பு மேல ஒடுங்கிப் போயிருக்கு. நரம்புக்கு மேல 2 மில்லிமீட்டராவது விட்டுத்தான் ஸ்க்ரூ வைக்கணுமாம், உயரம் போதும், அகலம்தான் பத்தல, அதனால மொதல்ல எலும்புத் தூள் வச்சுக் கட்டணும். பக்கத்துப் பல்லுல இருக்குற மெட்டல் கேப்பால அந்த எடத்துல மட்டும் படம் கோடு கோடா வந்திருந்துச்சு, அத முழுசாப் போக்க முடியாதாம்.

ரொம்ப இழுத்தது பைல் வாங்குறதுலதான். பிலிமும் ரிப்போர்ட்டும் குடுத்துட்டு அவ்வளவுதான்னாங்க. டைகாம் பைல் (ஸ்கேனோட முழு 3டி பைல்) வேணும்னதும் சிடில போட்டுத் தந்தாங்க, என் லேப்டாப்ல சிடி போடவே எடமில்ல, மறுபடி நின்னு பென்டிரைவ்ல ஏத்தி வாங்குனேன். வாட்ஸ்அப்ல வர்ற போட்டோவ வச்சு அடுத்த டாக்டர் எதையும் அளக்க முடியாதுங்க. போறவங்க பென்டிரைவ் எடுத்துட்டுக் காலையிலயே போயிருங்க, மதியத்துக்கு மேல ரிப்போர்ட் எழுதுற டாக்டர் இருக்க மாட்டாரு.