மோட்டார்ஹோமில் கேஸ்: சூட்டுக்குச் சரி, கரண்டுக்கு?

பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் ஓடும் மோட்டார்ஹோம்களில், அதாவது தங்கிச் சமைக்க வசதியுள்ள பயண வண்டிகளில், அடுப்பு, ஹீட்டர், வெந்நீர், ஃபிரிட்ஜ் நான்கும் எல்பிஜியில் ஓடுவது பழைய வழக்கம். சிலிண்டர்தான் வண்டியிலேயே இருக்கிறதே, ஜெனரேட்டரையும் அதில் ஓட்டிவிட்டால் பெட்ரோல் கேன் தூக்க வேண்டாமே என்று பலருக்கும் தோன்றும். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

ஒரு கிலோ புரொப்பேனை எரித்தால் சுமார் 12.8 கிலோவாட் மணி வெப்பம் வரும். சிறு ஜெனரேட்டரில் அதில் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரமாகத் தேறினால் நல்ல எஞ்சின் என்று பொருள்: கிலோவுக்கு இரண்டரை யூனிட் (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி). அதுவும் நல்ல சுமையில் ஓடும்போதுதான். கால் சுமையில் ஓட்டினால் ஒன்றரை யூனிட் கிடைப்பதே அரிது. 10 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர அரை யூனிட்டுக்குச் சற்று மேல் வேண்டும். கேஸ் பாய்லரில் அதற்கு 50 கிராம் போதும். ஜெனரேட்டரை ஓட்டி மின்சுருளில் சூடாக்கினால் 200 கிராம் போகும், சத்தம் தனி. ஆகவே ஜெனரேட்டர் வாங்குமுன் அது எதைச் சுமக்கப் போகிறது என்பதை முடிவு செய்யுங்கள். சூடாக்கும் வேலை எதுவும் அந்தப் பட்டியலில் இருக்கக் கூடாது.

கரண்டுக்கு மூன்று வழிகள்

பெட்ரோல் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்: 2 கிலோவாட் வகை 20 கிலோவுக்குச் சற்று மேல் எடை. எங்கும் பழுது பார்க்கலாம், குளிரில் சொன்னபடி எழும். பெட்ரோலைப் பூட்டிய பெட்டிக்குள் வைத்தால் வாடை வண்டி முழுவதும் பரவும். மூன்று நான்கு மாதம் ஓட்டாமல் விட்டால் கார்புரேட்டரில் பிசின் கட்டி, ஜெட் என்னும் சிறு துளை அடைத்துக்கொள்ளும். நிறுத்தி வைக்குமுன் கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை ஓட்டித் தீர்த்துவிட வேண்டும்.

கேஸ் ஜெனரேட்டர், அல்லது பெட்ரோல் எஞ்சினில் கேஸ் கிட் பொருத்தியது: பிசின் தொல்லை கிடையாது, எரிபொருள் வருடக்கணக்கில் கெடாது, எஞ்சின் ஆயில் நெடுநாள் சுத்தமாக இருக்கும். அதே எஞ்சின் கேஸில் 10 சதவீதம் குறைவாகத் தரும். கூரை ஏசியின் கம்ப்ரசர் எழும்போது இழுக்கும் கரண்டுக்கு முன்பே மூச்சு வாங்கும் 2 கிலோவாட் ஜெனரேட்டர் இங்கே அணைந்தே போகலாம். ஏசிதான் நோக்கம் என்றால், எழும்போது இழுக்கும் கரண்டைக் குறைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் போடுங்கள், இல்லையேல் ஒரு படி பெரிய ஜெனரேட்டர் எடுங்கள்.

இதில் வரும் கோளாறுகளில் பாதி எஞ்சினில் இருக்காது, குழாயில் இருக்கும். ஒன்றரை கிலோவாட் சுமையில் ஜெனரேட்டர் மணிக்கு 600 முதல் 700 கிராம் கேஸ் கேட்கும். வெளியே பார்பிக்யூவுக்காக விட்ட 8 மி.மீ. குழாயின் நுனியில் அதை மாட்டினால் 30 மில்லிபார் அழுத்தம் வழியிலேயே சரியும். எஞ்சின் விட்டு விட்டு ஓடும், ஹீட்டர் பிழைக்குறி காட்டி நிற்கும். வழக்கமான மோட்டார்ஹோம் ரெகுலேட்டரின் எல்லை மணிக்கு 1.5 கிலோ. ஜெனரேட்டர் 0.7, ட்ரூமா காம்பி 6 ஹீட்டர் முழு வேகத்தில் 0.48, இரண்டு பர்னர் எரியும் அடுப்பு கால் கிலோ. கூட்டிப் பாருங்கள், கோட்டைத் தொட்டாயிற்று. சிலிண்டரின் பாடு வேறு. திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும், அதைச் சுற்றியுள்ள காற்றிலிருந்துதான் இழுக்கும். மணிக்கு 1.4 கிலோ வேகத்தில் அது கிட்டத்தட்ட 150 வாட். பூஜ்யம் டிகிரி இரவில் பாதி காலியான 6 கிலோ சிலிண்டரால் அது முடியாது. வெளிப்பக்கம் பனி பூக்கும், அழுத்தம் விழும். மறுநாள் வெயில் பட்டதும் எல்லாம் ‘தானாகச் சரியாகிவிடும்’, மெக்கானிக்குக் காட்ட ஒன்றும் இருக்காது.

கிட் போட்டவர்கள் மறக்கும் ஒன்று: பெட்ரோலிலிருந்து கேஸுக்கு மாறுமுன் கார்புரேட்டர் கிண்ணம் காலியாக வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் போனால் கலவை செறிவாகிக் கரும்புகை விட்டு நிற்கும்.

லித்தியம் பேட்டரியும் சோலாரும்: 12.8 வோல்ட், 200 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 2.5 யூனிட் இருக்கும், எடை 20 முதல் 25 கிலோ. ஜெனரேட்டரில் ஒரு கிலோ கேஸ் தருவதும் அதே இரண்டரை யூனிட்தான் என்பதைக் கவனியுங்கள். விளக்கு, பம்ப், டிவி, லேப்டாப், ஹீட்டர் விசிறி ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று நாள் தாங்கும். வண்டி ஓடும்போது எஞ்சின் பக்கத்து பேட்டரியிலிருந்து இதற்கு ஏற்றும் 30 ஆம்பியர் பேட்டரி டு பேட்டரி சார்ஜர் மணிக்கு 400 வாட் மணி வரை ஏற்றும். கூரையில் 200 வாட் சோலார் பலகை பிரிட்டனின் ஜூலையில் நாளுக்கு முக்கால் யூனிட் தரும். டிசம்பரில் 100 வாட் மணி எட்டினாலே பெரிது, யானைப் பசிக்குச் சோளப்பொரி. இந்த பேட்டரியைப் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, ஆகவே வண்டிக்குள் சூடான இடத்தில் வையுங்கள்.

தினமும் அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் நகரும் வண்டிக்கு லித்தியமே போதும், ஜெனரேட்டர் வீண் பாரம். மொத்த எடை 3,500 கிலோ வரம்புக்குள் நிற்க வேண்டிய வண்டியில் அந்த 20 கிலோவுக்கும் விலை உண்டு. ஒரே இடத்தில் வாரக்கணக்கில், மின் இணைப்பில்லாமல், ஏசியோடு என்றால்தான் ஜெனரேட்டருக்கு வேலை. அப்போதும் முகாமின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள், பல இடங்களில் ஜெனரேட்டருக்கே தடை. எந்த எரிபொருளானாலும் புகைக்குழாய் ஜன்னலையும் கூரைத் துவாரத்தையும் பார்க்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் ஓட்டவே கூடாது.

சூட்டுக்கு: கேஸா, டீசலா?

இங்கே போட்டி நெருக்கம். கேஸ் ஹீட்டர் சத்தமும் வாடையும் குறைவு, பராமரிப்பும் குறைவு. காம்பி 6 மணிக்கு 160 முதல் 480 கிராம் வரை எடுக்கும். கடுங்குளிரில் நாள் முழுவதும் ஓட்டினால் 11 கிலோ சிலிண்டர் இரண்டு மூன்று நாளில் தீரும். டீசல் ஹீட்டர் வண்டியின் தொட்டியிலிருந்தே குடிக்கும், பனிச்சறுக்கு ஊர்களில் அதுவே வசதி. ஆனால் பற்றவைக்கும்போது பேட்டரியை அதிகம் இழுக்கும். குறைந்த சூட்டிலேயே மணிக்கணக்கில் விட்டால் கரி படியும். அவ்வப்போது அரை மணி முழு வேகத்தில் ஓட்டி எரித்துவிட வேண்டும். 1,500 மீட்டருக்கு மேல் போவதென்றால் உயரத்துக்கான கிட் அவசியம்.

சமையலுக்கு கேஸ்தான். 2 கிலோவாட் இண்டக்‌ஷன் அடுப்பு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கு ஈடான கேபிளும் இன்வெர்ட்டரும் போடும் செலவை நினைத்தால் தோசை கசக்கும்.

ஃபிரிட்ஜில் நிலைமை மாறிவிட்டது. கேஸில் ஓடும் அப்சார்ப்ஷன் வகை நாளுக்கு 300 கிராம் சுற்றி எடுக்கும், சத்தமே இல்லை. ஆனால் வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், கடும் வெயிலில் திணறும். கம்ப்ரசர் வகைக்கு நாளுக்கு 300 முதல் 500 வாட் மணி போதும். லித்தியம் போட்டவர் அதையே எடுக்கலாம். பழைய கேஸ் ஃபிரிட்ஜ் மஞ்சளாக எரிந்தால் புகைக்குழாயிலிருந்து துரு பர்னரில் உதிர்ந்திருக்கும், அல்லது சிலந்தி கூடு கட்டியிருக்கும். ஜெட்டை ஊசியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும், மாற்றுவதே சரி.

கேஸை எதில் வைப்பது?

நம் ஊர் 14.2 கிலோ சிலிண்டர்போல ஒரே கலவை என்று அங்கே நினைக்க வேண்டாம். பியூட்டேன் பூஜ்யம் டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும், புரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். குளிர்காலத்துக்கு புரொப்பேன் மட்டுமே.

மாற்றிக்கொள்ளும் சிலிண்டர் தொடக்கச் செலவில் மலிவு. ஆனால் பிரிட்டனின் கேலர் சிலிண்டரை பிரான்சிலோ ஸ்பெயினிலோ மாற்ற முடியாது, இணைப்பும் நாட்டுக்கு நாடு வேறு. கேம்பிங்கேஸ் பல நாடுகளில் கிடைத்தாலும் பெரிய 907 சிலிண்டரில் 2.75 கிலோதான், அதுவும் பியூட்டேன்.

நீண்ட பயணத்துக்கு நிரப்பும் சிலிண்டரே மேல். 80 சதவீதத்தில் தானே நிற்கும் வால்வு உள்ளதை மட்டும் வாங்குங்கள். எரிபொருள் நிலையத்தில் 11 கிலோவுக்கு சுமார் 21 லிட்டர் ஏறும். பிரிட்டனுக்கு பேயனெட், பிரான்சுக்கும் இத்தாலிக்கும் டிஷ், ஜெர்மனிக்கு ஆக்மி, ஸ்பெயினுக்கு யூரோ என நிரப்பும் முனைக்கு ஏற்ற நான்கு அடாப்டர்கள் பையில் இருக்கட்டும். பிரிட்டனில் கேஸ் விற்கும் நிலையங்கள் குறைந்துவருவதால் அங்கே பாதி இறங்கியதுமே நிரப்புவது நல்லது. தெற்கு ஐரோப்பாவில் கோடையில் நிரப்பும் கலவையில் பியூட்டேன் கூடுதல். புரொப்பேன் முதலில் ஆவியாகித் தீர, அதே சிலிண்டரோடு ஆல்ப்ஸ் ஏறினால் அளவி கால் பங்கு காட்டும், அடுப்பு எரியாது.

வண்டிக்கு அடியில் பொருத்தும் தொட்டி உள்ளே இடத்தை மிச்சப்படுத்தும், கொள்ளளவும் அதிகம். வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: கார் ஓட்டும் கேஸ் தொட்டி அடியிலிருந்து திரவத்தை எடுக்கும், வீட்டுச் சாதனங்களுக்கு மேலிருந்து ஆவி வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று கார் தொட்டியை அடுப்போடு இணைத்தால் ரெகுலேட்டருக்குள் திரவம் போய்த் தீப்பிழம்பு எழும்.

ரெகுலேட்டர் சிலிண்டரைவிட உயரத்தில், சுவரில் இருக்க வேண்டும், குழாய் சிலிண்டரை நோக்கிச் சரிய வேண்டும். ரப்பர் குழாயிலிருந்து கசியும் எண்ணெய்ப் பிசுக்கு கீழே இருக்கும் ரெகுலேட்டரில் தேங்கி அதைக் கொல்லும். ஸ்டீல் குழாய் போட்டால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். கேஸ் காற்றைவிடக் கனம் என்பதால் சிலிண்டர் வைக்கும் பெட்டியின் தரையில் துவாரம் கட்டாயம்: தரைப் பரப்பில் 2 சதவீதம், குறைந்தது 100 சதுர செ.மீ. சாமான் அடுக்கும்போது முதலில் மூடப்படுவது இதுதான். வண்டி ஓடும்போது ஹீட்டர் வேண்டுமென்றால் மோதல் உணரி உள்ள ரெகுலேட்டர் தேவை. பெட்ரோல் நிலையத்திலும் கப்பலிலும் சிலிண்டர் வால்வையே மூடிவிடுங்கள், ஃபிரிட்ஜின் சிறு சுடரும் சுடர்தான்.