வெறும் வயிறா, மூன்று மாதச் சராசரியா, குளுக்கோஸ் கரைசலா?

தாராவியில் என் அத்தை விடியுமுன் மூன்று மணிக்கே இட்லி அவிக்க எழுந்துவிடுவார். அவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று அறிய மூன்று பரிசோதனைகளையும் செய்து பார்த்தோம். மூன்றும் மூன்று விதமாகப் பேசின.

முதலில், வெறும் வயிற்றில் எடுக்கும் ரத்தம். குறைந்தது 8 மணி நேரம் தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது. அத்தையோ அடுப்பைப் பற்றவைத்ததும் ஒரு டம்ளர் டீ குடிப்பவர். அதனால் முதல் நாள் பயணம் வீண். மறுமுறை டெசிலிட்டருக்கு 104 மில்லிகிராம் வந்தது. 126-ம் அதற்கு மேலும் நோய், 100 முதல் 125 வரை முன்நிலை, அதாவது நோய்க்கு முந்தைய கட்டம். ஆனால் ஆய்வகத்தில், ‘இந்த வயதுக்கு இது சரிதான்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வயதுக்கென்று தனி அளவு எதுவும் கிடையாது. அந்தச் சொல்லை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

அடுத்தது எச்பிஏ1சி. பட்டினி வேண்டாம், எந்த நேரத்திலும் ரத்தம் கொடுக்கலாம். வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு இதைவிட வசதியானது இல்லை. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அதற்குள் ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையை அளந்து, இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்கிறது. 6.5 சதவீதம் எட்டினால் நோய். அத்தைக்கு 5.6 தான். நிம்மதியாக இருந்துவிட்டோம். ரத்தசோகைக்காக அவர் இரண்டு மாதமாக இரும்புச்சத்து மாத்திரை எடுப்பதை யாரும் கேட்கவில்லை. மாத்திரையால் புதிதாக உருவாகும் இளம் சிவப்பணுக்களில் சர்க்கரை ஒட்ட நேரம் போதாது. எண் இறங்கிக் காட்டும். மாத்திரை இல்லாத இரும்புக் குறைவில் எண் ஏறியும் காட்டலாம். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. ஆகவே, நம் பெண்களுக்கு இந்த ஒரு எண்ணை மட்டும் நம்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

மூன்றாவதுதான் சிரமமானது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து, பிறகு ரத்தம் கொடுக்க வேண்டும். மூன்றாவது வாயிலேயே அத்தைக்குக் குமட்டியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு முடித்தார். அன்றைய இட்லி வியாபாரமும் போயிற்று. 140-க்குக் கீழ் இருக்க வேண்டிய அளவு 212. நோய்க்கான வரம்பு 200. வேறொரு நாள் மறுபடி செய்தும் 200-க்கு மேல்தான். சர்க்கரைச் சுமை ஏறும்போது உடல் அதைச் சமாளிக்கிறதா என்பதை இது நேரடியாகக் காட்டுகிறது. மற்ற இரண்டும் காட்டாததை இதுவே காட்டிக்கொடுத்தது.

வீட்டுக் குளுக்கோமீட்டர் நோய் இருப்பவர்கள் அன்றாடம் பார்த்துக்கொள்ள உதவும். நோயை உறுதிசெய்ய அது போதாது. குழந்தை திடீரென மெலிந்து, ஓயாமல் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்தால் முதல் வகை (டைப் 1) சர்க்கரை நோயாக இருக்கலாம். பட்டினிக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

முன்நிலையிலேயே கண்டுகொள்வதில் பலன் இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அத்தை மகனுக்கு 32 வயது. வெறும் வயிற்றில் 109. வியாபாரம் இல்லாத நாளாகப் பார்த்து அவனையும் கரைசல் குடிக்க அழைத்துப் போகிறேன்.