படகில் தையல் மெஷின்: கையா, இன்வெர்ட்டரா, டிசி மோட்டாரா?

குமரி மாவட்டத்தில் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கமிருந்து ஆழ்கடல் தொழிலுக்குப் போகிற படகு கரை திரும்ப முப்பது நாளும் ஆகும், நாற்பது நாளும் ஆகும். அதற்குள் ஏதாவது கிழியாமல் இருக்காது. வெயிலுக்குக் கட்டிய தார்ப்பாய், ஐஸ் அறை வாயை மூடுகிற கான்வாஸ், மழைக்கோட்டு, படுக்கை உறை என்று வரிசையாக வரும். வலைக்கு மெஷின் தேவையில்லை, அது வலை ஊசியும் கையும் சேர்ந்து முடிக்கிற வேலை. மற்றதற்கு ஒரு தையல் மெஷினைப் படகிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று பேச்சு வந்தால், உஷாவா சிங்கரா என்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. எதைக் கொண்டு ஓட்டுவது என்று யாரும் கேட்பதில்லை. படகு வயரிங்கில் கை வைப்பவன் என்பதால் எனக்கு அதுதான் முதல் கேள்வி.

என் கட்சியை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கைப்பிடி போட்ட பழைய மெஷின். கூடவே, வேண்டும்போது பெல்ட் மாட்டிக்கொள்ள, பேட்டரியில் நேராக ஓடுகிற 24 வோல்ட் டிசி மோட்டார். மற்ற வழிகளை ஏன் தள்ளினேன் என்பதைப் பார்க்கலாம்.

கை மெஷின் என்றால் கறுப்பு வார்ப்பிரும்பு மெஷின், வலது பக்கச் சக்கரத்தில் ஒரு கைப்பிடி. கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் ஊசி மூன்று தடவை இறங்கும். கரையில் இதைப் பாட்டி காலத்துச் சாமான் என்பார்கள். கடலில் இதற்கு வேறு மதிப்பு. உப்புக் காற்றில் கெட்டுப்போக இதில் காயிலும் இல்லை, ஸ்விட்சும் இல்லை. நாலு மடிப்புக் கான்வாஸ் சேருகிற மூலையில், ஊசி எங்கே குத்துகிறது என்று பார்த்துப் பார்த்து ஒவ்வொரு தையலாக இறக்கலாம். குறை என்னவென்றால் வலது கை கைப்பிடிக்குப் போய்விடும், துணிக்கு இடது கை மட்டும்தான் மிச்சம். தார்ப்பாய் மாதிரி கனமான சரக்குக்கு அது போதாது. ஆனால் படகில் ஆள் பஞ்சம் இல்லையே. தூண்டிலைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிற நேரத்தில், "மக்களே, இத கொஞ்சம் சுத்து" என்றால் ஒருத்தன் வந்து உட்காருவான். நிமிடத்துக்கு 200 தையல் போனால்கூட இருபது அடி நீளத்தை ஏழெட்டு நிமிடத்தில் முடித்துவிடலாம்.

கால் மெஷின் வீட்டில் அருமை, படகில் வேண்டாம். படகு உருளும்போது மிதியின் தாளம் தப்பும். தாளம் தப்பினால் சக்கரம் பின்னோக்கிச் சுற்றும், நூல் அறும். உருளுகிற படகில் உட்கார்ந்திருக்க இரண்டு காலையும் ஊன்றித்தான் ஆக வேண்டும். மிதிக்க மூன்றாவது கால் ஏது?

இன்வெர்ட்டர் கதை கொஞ்சம் நீளம். வீட்டு மெஷினில் மாட்டுகிற சின்ன மோட்டார் 1/10 அல்லது 1/12 குதிரைசக்தி. ஓடும்போது சுமார் 100 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டரில் போகிற நஷ்டத்தையும் சேர்த்தால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் வரும். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து தைத்தாலும் ஊசி ஓடுவது அதில் பாதி நேரம்கூட இருக்காது. துணியைத் திருப்புவதும் மடிப்பதும்தான் மீதி. ஆக 10 ஆம்பியர்-மணி, மிஞ்சிப்போனால் இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போது தின்கிற ஒன்றிரண்டு. ஒரு 100 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு இது பெரிய சுமை இல்லை. "மெஷின் பேட்டரியைக் குடித்துவிடும்" என்கிற பயம் அளவுக்கு மீறியது.

பயப்பட வேண்டியது எந்தப் பேட்டரியிலிருந்து எடுக்கிறோம் என்பதற்குத்தான். எஞ்சினை ஸ்டார்ட் செய்கிற பேட்டரியைத் தையலுக்குத் தொடவே கூடாது. மலிவான இன்வெர்ட்டர்கள் 10.5 வோல்ட் வரை விட்டுவிட்டுத்தான் நிற்கும். லெட்-ஆசிட் பேட்டரி அந்த அளவுக்கு இறங்கினால் கிட்டத்தட்ட காலி என்று அர்த்தம். கரையிலிருந்து பல நூறு கடல் மைல் தள்ளி ஒரு தார்ப்பாய்க்காக எஞ்சின் கிளம்பவில்லை என்றால் படகை நடத்துகிற சிராங்கு என்ன சொல்வார் என்பதை இங்கே எழுத முடியாது.

இன்னொரு தப்பும் நடக்கிறது. விசைப்படகில் பெரும்பாலும் இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராகக் கோத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். கையில் இருப்பது 12 வோல்ட் இன்வெர்ட்டர் என்பதால் அந்த இரண்டில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுப்பார்கள். அன்றைக்கு வேலை நடக்கும். ஆனால் எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டருக்கு இரண்டும் ஒரே பேட்டரி மாதிரிதான். ஒன்று பாதி காலியாகவும் மற்றது நிறைந்தும் இருக்க, நிறைந்தது மேலும் மேலும் சார்ஜ் வாங்கிக் கொதிக்கும், காலியானது நிறையவே நிறையாது. சில மாதத்தில் இரண்டும் போய்விடும். 24 வோல்ட் படகு என்றால் 24 வோல்ட் இன்வெர்ட்டர், இல்லையென்றால் 24-ஐ 12 ஆக்குகிற கன்வெர்ட்டர். குறுக்கு வழி கிடையாது.

சரி, பேட்டரி பிரச்சினை தீர்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் சின்ன மோட்டாருக்குக் கான்வாஸ் ஒத்துவருமா? பெடலை லேசாக மிதித்தால் மோட்டாருக்குக் குறைந்த மின்சாரம் போகிறது, அதோடு சேர்ந்து வலுவும் குறைகிறது. தடித்த மடிப்பில் ஊசி நின்றுவிடும், மோட்டார் 'ம்ம்' என்று முனகும். இன்னும் கொஞ்சம் மிதிப்போம். ஊசி மடிப்பைத் துளைத்த மறுகணமே மெஷின் பாய்ந்து நாலைந்து தையல் எங்கேயோ போய்விடும், 18 எண் ஊசியும் முறியும். ஜாக்கெட் தைக்கச் செய்த மோட்டாரைத் தார்ப்பாயோடு மல்லுக்கட்ட விட்டால் இப்படித்தான். வலது கையால் சக்கரத்தைத் தள்ளிக் கொடுத்துத் தைப்பவர்கள் உண்டு. அதற்குக் கை மெஷினே தேவலை. தையல் நிலையத்துப் பெரிய மெஷினைக் கொண்டுவந்தாலோ, அதன் கிளட்ச் மோட்டார் தைக்காதபோதும் சுற்றிக்கொண்டே இருக்கும், கிளம்புகிற நேரத்தில் பல மடங்கு மின்சாரம் இழுத்து இன்வெர்ட்டரைச் சாய்த்துவிடும். அதை வைத்தே தீருவேன் என்பவர் சர்வோ மோட்டாருக்கு மாற்றட்டும், மிதிக்கும்போது மட்டும் மின்சாரம் எடுக்கும். அந்த மேஜைக்குப் படகில் எங்கே இடம் என்பதை அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

இங்கேதான் டிசி மோட்டார் ஜெயிக்கிறது. எலெக்ட்ரிக் சைக்கிளுக்குப் போடுகிற 24 வோல்ட், 250 வாட் மோட்டார். கியரோடு வருவதை வாங்கினால் வேகம் நிமிடத்துக்கு முன்னூறு சுற்றை ஒட்டி இறங்கியிருக்கும், கான்வாஸுக்கு அதுவே தாராளம். படகில் இருப்பதே 24 வோல்ட் என்பதால் 230-க்கு ஏற்றி மறுபடி இறக்குகிற கூத்து இல்லை. நிரந்தரக் காந்தம் வைத்த மோட்டார் நிற்கப் போகிற நேரத்தில்தான் அதிக வலுவோடு திருகும். அதோடு வருகிற கன்ட்ரோலர் மின்சாரத்தைத் துண்டு துண்டாக விட்டு வேகத்தைக் குறைக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் முழு வோல்ட் இருக்கும். அதனால் மெதுவாகப் போகும்போதும் மடிப்பைத் துளைத்துவிடும், துளைத்த பிறகு பாயாது. கைப்பிடி மாட்டுகிற மெஷின்களில் சக்கரம் ஆரக்கால் வைத்திருக்கும், பெல்ட் ஓட விளிம்பில் பள்ளமும் இருக்கும். மோட்டாரை நீளத் துளையில் போல்ட் போட்டு, முன்பின் நகருகிற மாதிரி வையுங்கள். பெல்ட்டைத் தளர்த்தினால் கை மெஷின், இறுக்கினால் மோட்டார் மெஷின். மோட்டார் ஓடும்போது ஆரக்காலில் பிடிக்கிற கைப்பிடியின் நாக்கை மட்டும் மறக்காமல் விலக்கிவிட வேண்டும்.

"வீட்டு மோட்டாரும் டிசியில் ஓடுமாமே, அப்படியே பேட்டரியில் கொடுத்துவிடலாமே அண்ணே" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். டிசியில் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் 230 வோல்ட்டுக்குச் சுற்றிய காயிலுக்கு 24 கொடுத்தால் அசைந்தால் பெரிய விஷயம்.

ஜெனரேட்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 100 வாட் வேலைக்கு 1 கேவிஏ ஜெனரேட்டர், டீசல் படகில் தனியாகப் பெட்ரோல் கேன், அப்புறம் சத்தம். மழை என்று அதை, படகு ஓட்டுகிற அறையான வீல் ஹவுஸுக்குள் வைத்தால் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். வாசனை தெரியாது, தூக்கம் மாதிரிதான் வரும். வேறு காரணத்துக்காக ஜெனரேட்டர் ஏற்கெனவே தளத்தில் ஓடுகிறது என்றால் ஒரு வயர் எடுத்துக்கொள்ளலாம், தையலுக்காக வாங்காதீர்கள்.

கரை மின்சாரம் மலிவு, ஆனால் கரையில் நிற்கும்போதுதானே. நம் மாவட்டத்தில் மேற்குக் கரைப் படகுகளுக்குத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. பெரிய தார்ப்பாய் வேலையை எல்லாம் அந்த நாளுக்குத் தள்ளிப்போடுவது புத்தி. ஆனால் தேங்காய்ப்பட்டணம், குளச்சல் பக்கம் அது நல்ல மழைக்காலம். நனைந்த தளத்தில் எக்ஸ்டென்ஷன் பெட்டியை இழுத்துப் போடுவதற்குப் பதில், மெஷினைத் தூக்கிக்கொண்டு நனையாத ஏதாவது கொட்டகைக்குப் போங்கள், துணியை விரிக்கவும் இடம் கிடைக்கும். படகில்தான் தைப்பேன் என்றால் மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் வயர் இழுக்கக் கூடாது.

டிசி மோட்டாருக்கு ஜோடி சோலார்தான். ஆழ்கடலில் எஞ்சின் ஓடும்போது மின்சாரம் இருக்கும், ஆனால் அதிர்வில் ஊசி நிற்காது. எஞ்சினை நிறுத்தி மிதக்கும்போது தைக்க நேரம் இருக்கும், ஆல்டர்னேட்டர் இருக்காது. வீல் ஹவுஸ் கூரையில் மொத்தம் 100 வாட் பேனல் இருந்தால் நல்ல வெயில் நாளில் 400 வாட்-மணியை ஒட்டிக் கிடைக்கும், தையலுக்கென்று ஒதுக்கிய தனிப் பேட்டரிகளுக்கு அது போதும். முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்த ஊர் ஆகையால் "சின்னதா ஒரு காற்றாடி வச்சா என்ன" என்றும் சிலர் கேட்பார்கள். ஆட்கள் கயிறும் தூண்டிலும் வீசுகிற தளத்துக்கு மேலே சுழலுகிற இறக்கை வேண்டாம்.

கைக்குள் அடங்குகிற பேட்டரி தையல் கருவியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அது போடுவது சங்கிலித் தையல், ஒரு நூல் அறுந்தால் சரசரவென்று பிரிந்து வந்துவிடும்.

கடைசியாக வயர். 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் ஓட, பேட்டரிக்கும் மெஷினுக்கும் ஐந்து மீட்டர் தூரம் இருந்து, 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் வழியிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் போய்விடும். 4 சதுர மில்லிமீட்டர் போடுங்கள், வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி கிடைத்தால் இன்னும் நல்லது. வெறும் செம்பு சீக்கிரமே பச்சை பிடித்துவிடும். ஃபியூஸ் மெஷின் பக்கம் இல்லை, பேட்டரி பக்கம் இருக்க வேண்டும். மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷில் தீப்பொறி பறக்கும் என்பதால் கேஸ் சிலிண்டர் இருக்கிற சமையல் மூலையில் மெஷினை வைக்காதீர்கள். மெஷினைப் பலகையில் போல்ட் போட்டு, பலகையைத் தளத்தோடு கிளாம்ப் பண்ணுங்கள். பத்துப் பன்னிரண்டு கிலோ இரும்பு அலையில் சறுக்கினால் யார் கால் என்று பார்க்காது. ஊசி, பாபின், ஒரு பெல்ட், ஒரு ஜோடி பிரஷ் ஆகியவற்றை எண்ணெயில் நனைத்த துணியில் சுற்றி, மூடி இறுகுகிற டப்பாவில் போட்டு வையுங்கள்.