டெஸ்டிங் லேபா, பிஎச்டியா?

உணவு வேதியியலில் எம்எஸ்சி முடித்த கையோடு எனக்கு இரண்டு வழி இருந்தது. பயிற்சிக்குப் போன தனியார் டெஸ்டிங் லேபிலேயே வேலைக்குச் சேர்வது ஒன்று. நிலக்கடலையில் வரும் அஃப்லடாக்ஸின் பூஞ்சை நச்சில் பிஎச்டி செய்வது இன்னொன்று. இரண்டாவதில் சேர்ந்து நான்கு வருடமாகிறது. ஆகவே தராசு எந்தப் பக்கம் சாயும் என்பது தெரிந்ததுதான்.

பணத்தில் லேபுக்கே ஜெயம். பிஎச்டி செய்பவர்களுக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்குப் பல மாதத் தொகை ஒன்றாகச் சேர்ந்துதான் வந்தது. கருவி விஷயமும் அப்படியே. லேபில் எச்பிஎல்சி (கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) நின்றால் மறுநாளே இன்ஜினியர் வருவார். இங்கே ஃபைல் நகர வேண்டும்.

பிறகு ஏன் இந்தப் பக்கம் வந்தேன்? சாம்பிளிடம் இரண்டாவது கேள்வி கேட்கலாம் என்பதால்தான்.

வேலை இரண்டு இடத்திலும் ஒன்றே. கடலையை அரைத்து, மெத்தனால் கலந்த நீரில் கலக்கி வடிகட்டி, நச்சைப் பிடித்துவைக்கும் சின்னக் குழாய் வழியே நொடிக்கு ஒரு சொட்டாக இறக்க வேண்டும். லேபில் கிலோவுக்கு 15 மைக்ரோகிராமுக்குள் வந்தால் பாஸ், அறிக்கை போய்விடும். ஒரே மூட்டையில் எடுத்த இரண்டு சாம்பிளில் ஒன்று 3, மற்றது 40 என்று எனக்கு ஒருமுறை வந்தது. மிச்ச மூட்டையைத் தரையில் கொட்டி, சுருங்கியதையும் சொத்தையையும் கையால் பொறுக்கித் தனியாக அரைத்தேன். சாற்றை, கலவையைப் பிரித்துக் காட்டும் டிஎல்சி தகட்டில் சொட்டிட்டு யூவி விளக்கின் கீழே வைத்தால், பளிச்சென்று நீலப் புள்ளி. (அஃப்லடாக்ஸின் பி1 என்ற வகையின் பெயரில் உள்ள பி, 'ப்ளூ'வின் பி.) நல்ல கடலைப் பக்கம் இருட்டு. மூட்டை முழுவதன் நச்சையும் ஒரு கைப்பிடிக் கடலை சுமந்துகொண்டிருந்தது!

1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது, தீவனத்திலிருந்த பிரேசில் கடலைப் புண்ணாக்கை விடாமல் துருவியதில்தான் இந்த நச்சே அகப்பட்டது. அதுவும் இரண்டாவது கேள்விதான்.

அதற்காக எல்லாத் துருவலும் புதையல் அல்ல. மூலக்கூறுகளை எடையை வைத்து அடையாளம் காட்டும் மாஸ் ஸ்பெக்கில் தெரிந்த, பெயர் தெரியாத ஒரு பீக்கின் (வரைபட முகட்டின்) பின்னால் நான்கு மாதம் அலைந்தேன். கடைசியில் வெறும் கரைப்பானை வடிகட்டிப் பார்த்தால், அங்கேயும் அதே பீக். சிரிஞ்சு ஃபில்டரின் பிளாஸ்டிக்கிலிருந்து வந்திருக்கிறது. லேபில் ஒவ்வொரு பேட்சிலும் பிளாங்க், அதாவது சாம்பிள் இல்லாத வெறும் கரைப்பானையும் ஓட்டுவார்கள். அங்கே முதல் நாளே சிக்கியிருக்கும்.

பட்டத்துக்குப் பிறகு பேராசிரியர் வேலை கிடைக்குமா என்று என்னிடம் கேட்காதீர்கள். தீசிஸில் இன்னும் இரண்டு அத்தியாயம் பாக்கி. என்னோடு பயிற்சிக்கு வந்து அங்கேயே சேர்ந்த தோழி இப்போது ஒரு பிரிவையே நடத்துகிறாள். எங்கள் கருவி மக்கர் செய்தால் முதல் போன் அவளுக்குத்தான்.